கத்திக் கீறலுக்கு மேலே

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து தலைக்கு மேல் வேலை. ஒரு பசுவுக்குக் கன்று குறுக்கே கிடந்தது. தோள் வரை கையை விட்டுத் திருப்பி எடுக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. பிழைத்துக்கொண்டது. "கன்னுக்குட்டிக்கு உங்க மூஞ்சிதான் மேடம், முறைச்சுக்கிட்டே பொறந்திருக்கு" என்றார் கம்பவுண்டர். அவர் ஓய்வு பெற இன்னும் நாலு மாதம். வாய்க்கு மட்டும் ஓய்வே கிடையாது.

பதினோரு மணிக்கு அண்ணன் வண்டியில் ஒரு ஆடு வந்தது. அவன் ஆடுகளில் இந்த வருஷம் மூன்றாவது, ஊர் மொத்தத்துக்கும் ஆறாவது. பின்தொடை குதறப்பட்டு, குடல் வெளியே தொங்கியது. நாய்கள் தின்றுகொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தார்களாம். கழுத்தில் வழக்கம்போல் கத்திக் கீறல். இங்கே எல்லோருக்கும் கை பழகிப்போன வேலை அது. ஆடு கடிபட்டுக் கிடந்தால் உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் கழுத்தை அறுத்து ரத்தத்தை வடித்துவிடுவார்கள், கறி வீணாகக் கூடாதே என்று. அதற்கப்புறம்தான் என்னிடம் தூக்கி வந்து, சாப்பிடலாமா டாக்டர் என்று கேட்பார்கள். என் மேஜைக்கு வரும்போது அது பாதி ஆடு, பாதி கறி.

'நாய்க்கடி. புதைக்கவும்' என்று எழுதிக் கொடுத்தேன். கீறலுக்கு மேலே, தாடைக்குக் கீழே இரண்டு துளைகள் இருந்தன. சுண்டுவிரல் முதல் கணு வரை போயிற்று. கத்தி நுனி பட்டிருக்கும். வெளியே ஒன்பது பேர் காத்திருந்தார்கள்.

மார்ச் 6, வெள்ளி

தையல்காரர் வந்திருந்தார். மூடிப்போன சிமெண்ட் குழாய்த் தொழிற்சாலை வாசலில் தையல் மிஷின் போட்டிருப்பவர். உள்ளே ஆளுயரக் குழாய்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன, அவற்றுக்குள் நாய்கள் குடியிருக்கின்றன, அத்தனைக்கும் தினமும் தீனி வைப்பவர் இவர்தான். வருஷா வருஷம் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு வந்து தடுப்பூசி போடவைத்து என் உயிரை எடுப்பார்.

"ஏழு நாயைக் காணோம் டாக்டரம்மா."

"நாய் வண்டிக்காரன் புடிச்சிருப்பான்."

"வண்டி வந்தா எல்லாம் குரைக்குமே. இப்ப எதுவும் வாயத் தொறக்கறதே இல்ல. வெயில் சாயறதுக்கு முன்னாடியே என் மிஷினுக்கு அடியில வந்து ஒடுங்கிக்குதுங்க. எதையோ பார்த்துப் பயப்படுது."

"சரி, மாத்திரை நாய்க்குக் குடுக்கவா, உங்களுக்குக் குடுக்கவா?" என்று கேட்டேன். கம்பவுண்டர் விழுந்து விழுந்து சிரித்தார். தையல்காரர் சிரிக்கவில்லை. கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 11, புதன்

லாரி டிரைவர் ஒருவர் விடியற்காலை ஆறு மணிக்குக் குழாய் அடுக்கின் மேல் சிறுத்தை படுத்திருந்ததைப் பார்த்தாராம். பஸ் கண்டக்டர் ஒருவர் போன வாரமே பார்த்தாராம், வாலை மட்டும். டீக்கடையில் ஒருவன் தான் ஒட்டகச்சிவிங்கியே பார்த்ததாகச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்திருக்கிறான்.

எதற்கும் இருக்கட்டும் என்று வனத்துறைக்குப் போன் செய்தேன். எடுத்த அதிகாரி நல்ல தூக்கத்தில் இருந்திருப்பார் போல. "எங்க மேப்ல உங்க ஏரியாவே கிடையாது மேடம். கிட்டத்துல சிறுத்தை இருக்கற காடு முந்நூறு கிலோமீட்டர் தள்ளி. அது டிக்கெட் எடுத்து பஸ் ஏறித்தான் வரணும்." நானும் சிரித்துவிட்டு வைத்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

அண்ணன் வீட்டில் சாப்பாடு. இப்போது பத்து ஆடு ஆகிவிட்டது, நாலு அவனுடையது. பத்துக்கும் நான் எழுதிக் கொடுத்த காகிதங்களை நகல் எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, ஒரு கோப்பில் வைத்திருக்கிறான். வந்தவனுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறான். "என் தங்கச்சி எழுதினது. டாக்டர். நாய்தான்னு கையெழுத்தே போட்டிருக்கா. இதுக்கு மேல நகராட்சிக்கு என்னடா ஆதாரம் வேணும்?"

எனக்குப் பெருமையாக இருந்தது. பொய் சொல்வானேன், இருந்தது. எட்டு வயதில் என் பையைப் பிடுங்கியவனின் காதைக் கடித்துத் துப்பியவன் என் அண்ணன். நான் படிக்க வேண்டும் என்று வீட்டில் சண்டை போட்டவனும் அவன்தான். அவனுக்குக் கோபம் மூக்குக்கு மேல். பாசமும் அதே இடத்தில்தான். அண்ணி மட்டும், "அந்த நாய்ங்களை நான் தினமும் பாக்கறேன், கோழியைக்கூடத் தொடாதுங்க" என்றார். "உனக்கென்ன தெரியும்" என்றான் அண்ணன். நான் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டேன்.

மார்ச் 20, வெள்ளி

நகராட்சி வண்டி வரவில்லை. தாங்களே பார்த்துக்கொள்வதாக அண்ணன் சொல்லியிருக்கிறான்.

மார்ச் 21, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தார்கள். நாற்பது பேர் இருக்கும். கட்டை, இரும்புக் குழாய், மண்வெட்டி. குழாய்களின் ஒரு வாயில் டயரைக் கொளுத்தி வைத்துப் புகை போட்டார்கள். மறு வாயில் நின்றுகொண்டு வெளியே வருவதை எல்லாம் அடித்தார்கள். நான் போனபோது சுவரோரம் முப்பது கிடந்தன. சில இன்னும் செத்திருக்கவில்லை. இடுப்பு உடைந்த ஒன்று முன்னங்கால்களால் இழுத்து இழுத்து என்னை நோக்கி வந்தது, ஊசி போட்ட கை என்று அடையாளம் தெரிந்ததோ என்னவோ. ஒருவன் மண்வெட்டியால் அதன் தலையில் போட்டான். என் புடவையில் தெறித்தது.

நிறுத்துங்கடா என்று கத்தினேன். அண்ணன் வேர்த்து விறுவிறுத்து என் முன்னால் வந்து நின்றான். முழங்கை வரை ரத்தம்.

"நீதானே எழுதின?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அடிச்சுக் கொல்லுங்கன்னா எழுதினேன்? கடின்னுதானே எழுதினேன். அவனைத் தாண்டிப் போனேன். சாக்கடையில் ஒரு குட்டி மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது. எடுத்துக்கொண்டு வந்தேன். மதியம் செத்தது.

மார்ச் 22, ஞாயிறு

அறுபத்திரண்டு. கம்பவுண்டர் எண்ணியிருக்கிறார். நான் கேட்கவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

தையல்காரரை அடித்துவிட்டார்கள்.

நாலு நாய்களைத் தன் வீட்டுக் குளியலறையில் பூட்டி வைத்திருந்தாராம். மறுபடி ஒரு ஆடு செத்ததும் அண்ணன் ஆட்களோடு போயிருக்கிறான். கதவுக்குக் குறுக்கே நின்று, "இதுங்க ராத்திரி பகல் எங்கிட்டதான் இருந்துச்சு, எப்படிடா உன் ஆட்டைக் கடிக்கும்?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பதிலுக்கு அண்ணன் இரும்புக் குழாயை ஓங்கியிருக்கிறான். முதல் அடி தாடையில். கீழே விழுந்த பிறகு இரண்டு, தலையில். அப்புறம் கதவை உடைத்து நாலு நாய்களையும் அவர் கண் முன்னாலேயே.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு கண் பூசணிக்காய் மாதிரி வீங்கி மூடியிருந்தது, வாயில் குழாய். அவர் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எனக்கு மரியாதை கொடுத்து எழுந்து நின்றார்!

"உங்க காகிதத்தைக் கையில வச்சுக்கிட்டுத்தான் அடிச்சாங்க" என்றார். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை.

அந்தப் பதினோராவது ஆட்டுக்கும் காலையில் நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். கழுத்தைப் பார்க்காமல்.

மார்ச் 25, புதன்

அண்ணன் போன் செய்தான். "பயப்படாத பாப்பா. நீ எழுதினது இருக்கு. எனக்கு ஒண்ணும் ஆகாது." எனக்காகப் பயப்படாதே என்கிறான்.

மார்ச் 28, சனி

பன்னிரண்டாவது ஆடு.

துணி துவைத்துப் பிழைக்கும் ஒரு அம்மாவின் ஒற்றை ஆடு. குழந்தையைத் தூக்குவது போல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். கழுத்தில் கத்தி படவில்லை. "மனசு வரலைங்க, நான் வளத்தது" என்றார். பின்தொடை முழுசாக இருந்தது. அதைக் குதற அந்தப் பக்கத்தில் ஒரு நாய்கூட மிச்சமில்லையே.

தொண்டையில் மேலே இரண்டு, கீழே இரண்டு, மொத்தம் நாலு துளைகள். சுத்தமாக, ஆணி அடித்துப் பிடுங்கினது போல. அளவுகோலை வைத்தேன். மேல் இரண்டுக்கும் நடுவே நாலரை சென்டிமீட்டர். ஒரே பிடி. தோலை உரித்துப் பார்த்தேன், உள்ளே மூச்சுக்குழல் நசுங்கியிருந்தது. தெருநாய் இப்படிக் கொல்லாது. அது பின்னாலிருந்து கண்ட இடத்தில் கடித்து, துரத்தி, கிழிக்கும். முதலாம் வருஷ மாணவனுக்கும் தெரிந்த சங்கதி. இது தொண்டையைப் பிடித்து, மூச்சு நிற்கும் வரை விடாமல் தொங்கியிருக்கிறது. சிறுத்தை.

அப்படியானால் அந்தப் பதினொன்று? இது கொன்று போட்டதை நாய்கள் வந்து தின்றன. தின்ற நாயைப் பார்த்தார்கள். பல் பதிந்த இடத்தில் கத்தியைப் போட்டு அறுத்து, என் கையில் கொடுத்தார்கள். நான் எழுதினேன்.

இல்லை, அதுமட்டும் இல்லை. மூன்றாம் தேதி விரல் உள்ளே போயிற்றே. இந்த நோட்டில்தான் எழுதியிருக்கிறேன். இப்போது புரட்டிப் பார்த்தேன். கத்தி நுனி சுண்டுவிரல் அகலத்துக்கு உருண்டையாகவா துளைக்கும்? எனக்குத் தெரியாதா? தெரியும்டி உனக்கு. ஒன்பது பேர் காத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

மார்ச் 29, ஞாயிறு

உட்கார்ந்து யோசித்தேன். காணாமல் போன ஏழு நாய்களும் அதற்குத் தீனி. நாய் கிடைத்த வரையில் அது குழாய் அடுக்கைத் தாண்டி அதிகம் வரவில்லை, அந்தப் பக்கம் மேயப் போன ஆடுகளைத்தான் அவ்வப்போது பிடித்தது. இப்போது நாயே இல்லை. பசித்தால் எங்கே வரும்? அடுத்தது பட்டிகள். அதற்கடுத்தது வீடுகள்.

வனத்துறை அதிகாரியிடம் அளவுகளைச் சொன்னேன். "போட்டோ இருக்கா மேடம்? ஆட்டு போட்டோ இல்ல, சிறுத்தை போட்டோ." வாய்க்கு வந்தபடி திட்டினேன். திங்கட்கிழமை கடிதம் அனுப்பச் சொன்னார்.

கம்பவுண்டரிடம் சொன்னேன். முதல் தடவையாக அவர் கிண்டல் செய்யவில்லை. "பதினொண்ணுலயும் என் கையெழுத்தும் இருக்கு மேடம். விட்டுடுங்க. செத்த நாய் திரும்பியா வரப் போகுது?"

அண்ணனிடமும் சொன்னேன். பட்டிக்குள் தனியாகப் போகாதீர்கள், அண்ணியை விடாதே என்று. "போலீஸ் இப்பதான் என் பக்கம் சாஞ்சிருக்கு. இந்த நேரத்துல சிறுத்தை கிறுத்தைன்னு உளறி என்னை மாட்டி விடாத. வாய மூடிட்டு இரு" என்று போனை வைத்துவிட்டான். அண்ணி காதுக்கு அது போகாது. நான் நேரில் போய்ச் சொல்லியிருக்கலாம். பத்து நிமிஷ நடை.

ஏப்ரல் 2, வியாழன்

காலை ஏழரை மணிக்கு அண்ணி தண்ணீர் வைக்கப் பட்டிக்குள் போயிருக்கிறார். அது உள்ளேதான் இருந்தது.

நான் போய்ச் சேரும்போது அண்ணியை வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். உச்சந்தலைத் தோல் பாதி உரிந்து காதின் மேல் மடிந்து கிடந்தது. வெள்ளை எலும்பு தெரிந்தது. என் துப்பட்டாவால் தோலை ஏற்றிக் கட்டினேன். கண் திறந்திருந்தது. "ஆடு... ஆடு எண்ணியாச்சா?" என்றார்.

உள்ளே அண்ணன். அதே இரும்புக் குழாய். சிறுத்தை அவன் கன்னத்தில் ஒரு அறை அறைந்திருந்தது, கடைவாய்ப் பல் வெளியே தெரிந்தது. அவன் கத்தவில்லை, அடித்துக்கொண்டே இருந்தான். அதற்குள் ஊரே கூடிவிட்டது. கூரை ஓட்டைப் பிரித்து மேலேயிருந்து கல் போட்டார்கள். ஒருவன் கடப்பாரையை இறக்கினான். அது சுவரில் ஏறிச் சறுக்கி விழுந்து, மறுபடி ஏறிச் சறுக்கி விழுந்து, மூன்றாவது தடவை எழுந்திருக்கவில்லை. செத்த பிறகும் கால் மணி நேரம் அடித்தார்கள். கண்கள் இருந்த இடம் தெரியவில்லை. ஒருவன் வாலைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டான்.

இப்போது போட்டோ இருக்கிறது. வனத்துறை அதிகாரிக்கு அனுப்பினேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

நானே பரிசோதனை செய்தேன். பெண். ஆறு வயது இருக்கும். விலா எலும்பை எண்ணலாம், அவ்வளவு மெலிவு. மண்டையோடு ஏழு துண்டு. மேல் கோரைப் பற்களுக்கு நடுவே நாலரை சென்டிமீட்டர். இரைப்பை காலி. பெருங்குடலில் நாய் முடியும் நாய் நகங்களும். நகங்களைக் கழுவி வெள்ளைத் தட்டில் வைத்தேன்.

வனத்துறை அதிகாரி கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றார். "இங்க எப்படி மேடம் வந்துச்சு?"

"பஸ்ஸுல" என்றேன்.

அவர் போன பிறகு நகங்களைப் பாட்டிலில் போட்டு மூடி, தேதி எழுதி ஒட்டினேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

தையல்காரர் காலையில் இறந்துவிட்டார்.

மாலையில் இன்ஸ்பெக்டர் என் குவார்ட்டர்ஸுக்கே வந்தார். நல்ல மனிதர், செருப்பை வாசலில் கழற்றினார். அண்ணன் இப்போது ஊருக்கு வீரன். ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நிற்க இடம் இல்லையாம். "கேஸ் கொலையா மாறுது டாக்டர். ஆனா உங்க பதினொரு ரிப்போர்ட் இருக்கு. ஆட்டைக் கொன்னது நாய்தான், அந்த ஆள் வேணும்னே நாயை ஏவி விட்டான், சண்டையில கை மீறிப் போச்சுன்னு கொண்டு போகலாம். சிறுத்தை பதினோராவது ஆட்டுக்கு அப்புறம் வந்ததாவே இருக்கட்டுமே. பழைய ரிப்போர்ட் சரின்னு ஒரு வரி எழுதிக் குடுங்க போதும். கழுத்தெல்லாம் மண்ணுக்குள்ள போயாச்சு, யாரு தோண்டிப் பாக்கப் போறா?"

புதன்கிழமை வரை நேரம் கேட்டேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

அண்ணன் முகம் முழுக்கக் கட்டோடு ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுந்து என்னிடம் வந்தான். வாய் பாதிதான் திறக்கிறது.

"நான் அடிச்சது தப்பு. தப்புதான் பாப்பா. ஒத்துக்கறேன். ஆனா அந்த ஒரு வரி..."

"அந்த ஆள் நாயை ஏவினாருன்னு ஆயிடும்ணே. செத்தவர் மேல பழி விழும்."

"செத்தவனுக்கு என்ன இனிமே? நான் உயிரோட இருக்கேன்டி!"

மருந்து அலமாரியின் கண்ணாடியில் குத்தினான். கை கிழிந்தது. நான்தான் தையல் போட்டேன், ஏழு தையல். அவன் தலை என் தோளில் சாய்ந்திருந்தது. அழுதான். என் வாழ்நாளில் அவன் அழுது பார்த்ததில்லை. நானும் அழுதேன். எழுதித் தருகிறேன் என்றுதான் கிட்டத்தட்டச் சொல்லிவிட்டேன். அப்போது, "உன் காகிதத்தை நம்பித்தானே அடிச்சேன்" என்றான். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். தையல்காரர் மனைவி எழுந்து நின்றது கண்ணுக்கு முன்னால் வந்தது.

ஏப்ரல் 8, புதன்

எழுதிக் கொடுத்தேன். பத்து ஆடுகளின் கழுத்தை நான் பரிசோதிக்கவே இல்லை. மார்ச் மூன்றாம் தேதி வந்த ஆட்டில் துளைகளைப் பார்த்தேன், விரலை விட்டேன், பதிவு செய்யவில்லை. நாய்கள் கொன்றதாக நான் எழுதிய பதினொன்றும் ஆதாரம் இல்லாதவை. கம்பவுண்டர் நான் சொன்னதன் பேரில்தான் கையெழுத்துப் போட்டார்.

இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை படித்தார். "கூடப் பொறந்தவன் டாக்டர்" என்றார்.

"தெரியும்" என்றேன்.

ஏப்ரல் 9, வியாழன்

அண்ணனை ஆஸ்பத்திரியிலிருந்தே கொண்டுபோய்விட்டார்கள். என் வீட்டு ஜன்னல் இரண்டும் கல்லடி பட்டு உடைந்தன.

ஏப்ரல் 19, ஞாயிறு

அம்மா போனை எடுப்பதில்லை. இன்று பதினாறு தடவை.

மே 11, திங்கள்

அண்ணி வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் தடவை. தலையில் துணி சுற்றியிருந்தார். இடது கண் இமை முழுசாக மூடுவதில்லை. நான் நாற்காலி போட்டேன். உட்காரவில்லை.

"ஜெயில்ல உங்கண்ணனைப் பார்த்துட்டு வரேன் பாப்பா. உங்கிட்ட ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னாரு. அந்த மூணாந்தேதி ஆட்டுக்கே நீ உள்ளபடி எழுதியிருந்தா அவரு தையல்காரரை அடிச்சிருப்பாரான்னு கேக்கச் சொன்னாரு."

எத்தனையோ பதில் இருக்கிறது. அவன் கோபம் அவனுடையது, அவன் கை அவனுடையது, இரும்புக் குழாயை நானா எடுத்துக் கொடுத்தேன். ஒன்றரை மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொள்வது எல்லாம் அதுதான். ஆனால் அண்ணியின் அந்த மூடாத கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அடிச்சிருக்க மாட்டான் அண்ணி" என்றேன்.

அண்ணி தலையாட்டினார். தலைத் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு, "இதை அவர்கிட்டப் போய்ச் சொல்ல மாட்டேன்" என்றார்.

"ஏன்?"

"சொன்னா அவரு தன்னை மன்னிச்சுக்குவாரு."

தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். அவர் தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்றேன். பிறகு உள்ளே வந்து, அவர் கேட்டதையும் நான் சொன்னதையும் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, இன்ஸ்பெக்டருக்கு அனுப்பினேன். அண்ணனின் வக்கீலுக்கு அது உதவும். என் வேலைக்கு உதவாது. துறை விசாரணை வெள்ளிக்கிழமை, பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.